கரித்துண்டும் கோடும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல சார்கோல்ல, அதாவது கரித்துண்டுல, மனுஷ உருவம் வரையறதப் பத்தி எழுதியிருந்தேன். ஷேடிங்குக்குப் போறதுக்கு முன்னாடி கோட்டக் கத்துக்கோங்க, உணர்ச்சி அங்கதான் இருக்குன்னு அதுல ஒரு வரி வந்துச்சு. அந்த ஒரு வரியப் புடிச்சுகிட்டு தாராவில இருந்து டோம்பிவிலி வரைக்கும் கேள்வி வந்திருக்கு, அதனால இந்தத் தடவ மொத்தப் பக்கமும் அதுக்குத்தான்.

கேள்வி: ஃபைன் ஆர்ட்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். அளவெல்லாம் சரியா வருது, பென்சில நீட்டிப் புடிச்சு அளந்துதான் போடுறேன். ஆனா எங்க சார் பாத்துட்டு "உன் கோடு செத்துக் கிடக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாரு. கோட்டுக்கு உயிர்னா என்ன?
– டோம்பிவிலி மாணவர்

தம்பி, அப்படி ஒரு வார்த்த சொன்னா அதுக்கு விளக்கமும் சேத்து சொல்லணும், சும்மா சொல்லிட்டு நகந்துட்டா புள்ளைங்க மனசுதான் வாடும். அதனால நான் கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நீங்க அனுப்பின மூணு படத்தையும் பாத்தேன். மூணுலயும் தலையில ஆரம்பிச்ச கோடு தோளு, கை, இடுப்பு, காலுன்னு சுத்தி வந்து ஒரே அழுத்தத்துல முடியுது. கத்தரிக்கோல எடுத்து அந்தக் கோட்டு மேலயே வெட்டினா ஒரு அட்டை பொம்மை கையில வந்துடும். உடம்புக்கு அப்படி ஒரு ஓரம் கிடையாது தம்பி. உடம்பு வளஞ்சு அந்தப் பக்கமாத் திரும்புது, அதுக்கு மேல நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். அப்படித் திரும்புற எடத்துல எலும்பு தோலுக்கு ஒட்டி இருக்கா, சதை தொங்குதா, வெளிச்சம் பட்டுக் கரையுதா, இல்ல இன்னொரு உறுப்பு முன்னால வந்து மறைக்குதா, இது ஒவ்வொண்ணுக்கும் கோடு வேற மாதிரி விழணும். முழங்கால் சில்லுகிட்ட போற கோடும் அதுக்குப் பின்னால கெண்டைச்சதை மேல போற கோடும் ஒண்ணா இருந்தா அங்க எலும்பும் இல்ல சதையும் இல்ல, வெறும் கரிதான் இருக்கு.

அடுத்த தடவ மாடல் முன்னாடி நிக்கும்போது கைய அசைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விய மனசுல கேளுங்க: இந்த உடம்போட எடை எங்க போய் இறங்குது? ஒத்தக் கால்ல சாஞ்சு நிக்கிறவங்களப் பாருங்க, எடை தாங்குற கால் பக்கம் இடுப்பு மேல ஏறும், அதே பக்கம் தோள் கீழ இறங்கும், அதனால அந்தப் பக்கம் விலா நசுங்கி மடிப்பு விழும், எதிர்ப்பக்கம் அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் இழுத்துக்கிட்டு நிக்கும். கழுத்துக்குழியில இருந்து நேரா கீழ மனசால ஒரு நூல் விட்டுப் பாத்தா அந்த எடை தாங்குற பாதத்துகிட்டதான் வந்து விழும். சோழர் வெண்கலப் பார்வதி இந்த மாதிரி சாஞ்சுதான நிக்கிறா, ஸ்தபதிக்கு இது ஆயிரம் வருஷம் முன்னாடியே தெரியும். இப்ப கோட்டுக்கு வாங்க. இழுபட்டு நிக்கிற பக்கத்துக்கு ஒரே நீளக் கோடு, நடுவுல கை நிக்கக் கூடாது. நசுங்கின பக்கத்துக்கு குட்டி குட்டிக் கோடு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள நுழஞ்சு. ரெண்டு பக்கமும் இப்படி வேற வேறயா விழுந்தாலே போதும், முகம் கூடப் போட வேணாம், அந்த ஆளு எவ்வளவு நேரமா நிக்கிறாரு, கால் மாத்தணும்னு தவிக்கிறாரான்னு பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

அப்புறம் அழுத்தம். குதிகால் தரையில பதியுற எடம், முழங்கை மேஜையில ஊனுற எடம், தொடை ஸ்டூல்ல அமுங்குற எடம், இங்கெல்லாம் கரிய நல்லா அமுத்துங்க, துண்டு உடஞ்சா உடையட்டும். தோள் மேல வெளிச்சம் விழுற எடத்துல கைய எடுத்துடுங்க. அங்க கோடே வேணாம், விட்ட எடத்தப் பாக்குறவங்க கண்ணு தானா சேத்துக்கும். எங்க அமுத்தணும் எங்க விடணும்னு நீங்க எடுக்குற முடிவுதான் படம், மத்ததெல்லாம் அளவு. அளவு உங்களுக்கு ஏற்கனவே வருது, அதுவும் பெரிய விஷயம்தான், அத விட்டுடாதீங்க.

வேகமும் பேசும். வேகமாப் போன கோடு பேப்பரோட சொரசொரப்புல மேட்ட மட்டும் தொட்டு, பள்ளத்த விட்டுட்டுத் தாவிப் போகும், நடுநடுவுல வெள்ளை தெரியும், அதுல ஒரு காத்து இருக்கும். மெதுவாப் போன கோட்டுல கரி பள்ளத்துக்குள்ளயும் எறங்கி அடர்த்தியா உக்காரும், கையோட நடுக்கம் கூட அதுல பதியும். பேனாவுலயும் அழுத்தம் கொஞ்சம் தெரியும்தான், ஆனா கரி அளவுக்கு நம்ம கையப் பதிவு பண்ற பொருள் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. மூச்சப் புடிச்சுகிட்டு போட்டீங்களா, மனசு வேற எங்கயோ இருந்துச்சா, எல்லாம் விழுந்துடும்.

ஒரு படத்தத் தேடிப் பாருங்க. கேத்தே கோல்விட்ஸ்னு ஜெர்மன் ஓவியர், 1867ல பொறந்தவங்க, 1933ல தன்னையே வரைஞ்ச ஒரு சார்கோல் படம், பழுப்புப் பேப்பர்ல போட்டது, இப்ப வாஷிங்டன் நேஷனல் கேலரில இருக்கு. பக்கவாட்டுல உக்காந்து வரைஞ்சுட்டிருக்காங்க. முகத்த அவ்வளவு பொறுமையா, மெல்ல மெல்ல தடவி எடுத்திருக்காங்க, கையும் அப்படித்தான். ஆனா தோள்ல இருந்து கை வரைக்கும் நடுவுல இருக்குற புஜம்? அங்க புஜமே இல்ல. கரியப் படுக்கப் போட்டு மேலயும் கீழயும் படபடன்னு இழுத்த ஒரு முரட்டு வளைவு, அவ்வளவுதான். யோசிக்கிற தலைக்கும் வரையற கைக்கும் நடுவுல ஓடுற சக்திய அவங்க அப்படியே கோடாப் போட்டுட்டாங்க. அந்த வருஷம்தான் நாஜிகள் ஆட்சிக்கு வந்து அவங்கள பிரஷ்யன் கலை அகாடமிய விட்டு வெளியேற வெச்சாங்க, அதுக்கும் முன்னாடி 1914 அக்டோபர்ல சின்ன மகன் பீட்டர் போர்ல செத்துப் போயிட்டான். இவ்வளவையும் தாங்கின அறுபத்தஞ்சு அறுபத்தாறு வயசு அம்மா கையில அந்த வேகம் எங்க இருந்து வந்துச்சுன்னு அந்தப் படத்து முன்னாடி உக்காந்து யோசிச்சுப் பாருங்க. அந்தப் புஜத்த ஒழுங்கா சதை சதையா ஷேட் பண்ணியிருந்தா நாம இன்னிக்கு அதப் பத்திப் பேசவே மாட்டோம்.

பயிற்சின்னு கேட்டா, கிளாஸ் ஆரம்பத்துல அரை நிமிஷப் போஸ், ஒரு நிமிஷப் போஸ் நிறைய போடுங்க, அதுல உறுப்ப வரையாதீங்க, செய்கைய வரைங்க. அப்புறம் பேப்பரப் பாக்காம மாடல மட்டும் பாத்து மெதுவா ஒரு கோடு விடுங்க. சிற்பி ரோடான் மாடல் மேல இருந்து கண்ண எடுக்காமதான் நிறைய வரைஞ்சாரு. படம் கோணலா வரும், பரவால்ல, கோடு மட்டும் நிஜமா வரும்.

கேள்வி: எனக்கு வயசு நாப்பத்தேழு. எங்க சால்ல (வரிசை வீட்டுக் குடியிருப்புல) என் கோலத்துக்குன்னே பேரு உண்டு, மார்கழி மாசம் பக்கத்து மராட்டிக்காரங்க கூட வந்து பாப்பாங்க. கோடு கோணாம வருது, அப்ப உருவம் வரையறதும் வருமா? இப்ப ஆரம்பிச்சா லேட்டா?
– சயான் கோலிவாடா வாசகி

வயசப் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்கம்மா. உங்க கையில இருக்குற ஒரு விஷயம் காலேஜ் புள்ளைங்களுக்கு இல்ல, அதச் சொல்றேன். கோலம் போடும்போது நீங்க குனிஞ்சு நின்னு தோள்ல இருந்து கைய ஓட்டுறீங்க. அவங்க எல்லாம் நோட்டுல எழுதிப் பழகி மணிக்கட்டுலயே நிக்கிறாங்க, மணிக்கட்டுல இருந்து வர்ற கோடு ஒரு சாணுக்கு மேல போகாது. தோள்ல இருந்து வர்ற கோடுதான் ஒரு முதுக ஒரே இழுப்புல முடிக்கும். அத அவங்களுக்கு சொல்லிக் குடுக்க நாங்க படுற பாடு கொஞ்சநஞ்சம் இல்ல.

மாத்த வேண்டியது ஒண்ணு இருக்கு. கோலத்துல மாவு ஒரே சீரா விழணும், அதுதான் அழகு, சிக்குக் கோலத்துல கோடு எங்க தொடங்கிச்சுன்னே தெரியக் கூடாது. உருவத்துல நேர் எதிர். ஒரு எடத்துல தடிக்கணும், ஒரு எடத்துல மயிரிழையாப் போகணும், ஒரு எடத்துல அறுந்துடணும், அப்புறம் கொஞ்ச தூரம் தள்ளி எழுந்திரிக்கணும். மொதல்ல உங்க மனசு அத ஒத்துக்காது, கோடு விட்டுப் போச்சேன்னு மறுபடி போய் சேக்கத் தோணும். சேக்காதீங்க.

பெரிய பேப்பரா கதவுல ஒட்டிக்கோங்க, நியூஸ்பிரின்ட் போதும். கரித்துண்ட பேனா மாதிரி புடிக்காம உள்ளங்கைக்குக் கீழ வெச்சுப் புடிங்க, ஒரு எட்டு பின்னாடி தள்ளி நில்லுங்க. பேப்பர் செங்குத்தா இருந்தா தூளும் கீழ கொட்டிடும், மேஜை மேல படுக்க வெச்சா மேல இருக்குற தலை கண்ணுக்கு சின்னதாத் தெரியும், அத சரிக்கட்ட நம்மள அறியாம பெருசாப் போட்டுடுவோம். மாடலுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. மாடுங்கா பூக்கடைல பூ கட்டுற அக்காங்கள ஒரு அரை மணி நேரம் கேட்டுட்டு உக்காந்து பாருங்க, முதுகு அசையாது, விரல் மட்டும் ஓடும். அந்த அசையாத முதுகுக்கு ஒரு கோடு, ஓடுற விரலுக்கு ஒரு கோடு, இந்த ரெண்டும் வித்தியாசமா வந்துடுச்சுன்னா எனக்கு அனுப்புங்க, நான் பாக்கணும்.

கேள்வி: சார்கோல் பெட்டி வெல கட்டுப்படி ஆகல. வீட்டு அடுப்புக் கரிய வெச்சு வரையலாமா? நாமளே செய்ய முடியுமா?
– தாராவி, 90 அடி ரோடு வாசகர்

அடுப்புக் கரி ஒரே மாதிரி வெந்திருக்காது, ஒரு எடத்துல கல்லு மாதிரி பேப்பரக் கீறும், ஒரு எடத்துல பொடிஞ்சு போகும். செய்யறது சுலபம்தான். கடையில விக்கிற நல்ல கரி வில்லோ மரக் குச்சியிலயோ திராட்சைக் கொடியிலயோ செஞ்சது, காத்துப் படாம சூடு பண்ணினா குச்சி சாம்பலாகாம கரியாயிடும், சூத்திரம் அவ்வளவுதான். நம்ம ஊருல புளியங்குச்சி. காளஹஸ்தி கலம்காரிக்காரங்க துணியில மொதல்ல உருவம் போடுறது இன்னிக்கும் புளியங்குச்சிக் கரியிலதான். காஞ்ச குச்சி, சுண்டு விரல் கனத்துக்குக் கம்மியா, பட்டைய உரிச்சுட்டு ஒரு தகர டப்பாவுல நெருக்கமா அடுக்குங்க, மூடியில ஆணியால ஒரு சின்ன ஓட்டை கண்டிப்பா போடணும், இல்லன்னா உள்ள கேஸ் சேந்து மூடி பிச்சுகிட்டுப் பறக்கும். வெளியில, தெறந்த எடத்துல, நெருப்புல வைங்க. ஓட்டையில புகை வர்றது நின்னதும் எடுத்து, முழுசா ஆறின அப்புறம்தான் தெறக்கணும், சூட்டோட தெறந்தா காத்துப் பட்டு உள்ள பத்திக்கும். சந்துக்குள்ள, வீட்டுக்குள்ள இத செய்யவே செய்யாதீங்க.

இப்படி செஞ்சது மென்மையான கரி, துணியால ஒரு தட்டு தட்டினா லேசான தடம் மட்டும்தான் நிக்கும், தேடித் தேடிப் போடுற கோட்டுக்கு அதுதான் நல்லது. கன்னங்கரேல்னு ஆழமான கறுப்பு வேணும்னா கம்ப்ரெஸ்ட் சார்கோல் ஒரே ஒரு துண்டு வாங்குங்க. அது கரிப்பொடிய பசை சேத்து அழுத்தினது, சுலபத்துல அழியாது, அதனால கடைசில, எடை இறங்குற அந்த ரெண்டு மூணு எடத்துக்கு மட்டும். அழிக்க நீடபிள் இரேசர், பிசைஞ்சு கூராக்கி கரிய ஒத்தி எடுக்கலாம், அதாலயே வெள்ளைக் கோடும் போடலாம்.

கேள்வி: என் பொண்ணு ஆர்ட் காலேஜ்ல சேந்திருக்கா. உடுப்பு இல்லாத மாடல வெச்சு வரையணும்னு சொல்றா. எங்க குடும்பத்துல இது பெரிய பேச்சாயிடுச்சு. துணி உடுத்தின ஆள வரைஞ்சா கோடு வராதா?
– முலுண்ட் தகப்பனார்

சார், நீங்க கோவப்படாம கேட்டிருக்கீங்க, அதுக்கே நன்றி சொல்லணும். துணி உடுத்தின ஆளையும் நல்லா வரையலாம், ஆனா அந்தத் துணி எங்க தொங்குது, எங்க இழுபடுதுன்னு முடிவு பண்றது உள்ள இருக்குற தோளும் இடுப்பும்தான். அதத் தெரியாம புடவை மடிப்பு போட்டா மடிப்பு மட்டும்தான் இருக்கும், உள்ள ஆள் இருக்க மாட்டாங்க. டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு உடம்பப் படிக்கிறாளே, அவள நாம எதுவும் சொல்றது இல்ல.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரியணும். ஐரோப்பாவுல ரொம்ப காலம் லைஃப் கிளாஸுக்குள்ள, அதாவது மாடல நேர்ல பாத்து வரையற வகுப்புக்குள்ள, ஆம்பளைங்களத்தான் விட்டாங்க, லண்டன் ராயல் அகாடமி பள்ளியில பொண்ணுங்களுக்கு 1893லதான் அனுமதி கெடச்சுது, அதுவும் மாடல் துணி சுத்திகிட்டு நிக்கணும்னு நிபந்தனை போட்டு. மேல சொன்ன கோல்விட்ஸ் கூட பொண்ணுங்களுக்குன்னு தனியா இருந்த பள்ளியிலதான் படிக்க முடிஞ்சுது. அந்தக் கதவு தெறக்க அத்தன பேர் போராடியிருக்காங்க, உங்க பொண்ணு அதுக்குள்ள நடந்து போறா.

அங்க நிக்கிற மாடலையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. இருபது நிமிஷம் அசையாம நிக்கிறது கடுமையான ஒழைப்பு, கால் மரத்துப் போகும், முதுகு புடிச்சுக்கும், அவங்களும் வீட்டுக்கு அரிசி வாங்கத்தான் வந்து நிக்கிறாங்க. நல்ல கிளாஸ்ல மாடல் நிக்கும்போது யாரும் சிரிக்க மாட்டாங்க, தொட மாட்டாங்க, ஃபோன வெளிய எடுக்க மாட்டாங்க. உங்க பொண்ணு கிளாஸ்ல இந்த ஒழுங்கு இருக்கான்னு மட்டும் கேளுங்க, அது இல்லன்னா அப்ப கவலப்படுங்க, அதுக்காகக் குரலும் குடுங்க. மத்தபடி அவளப் போக விடுங்க சார். ஒரு கெழவியோட தோள்பட்டைய உக்காந்து மூணு மணி நேரம் மரியாதையாப் பாத்த புள்ள மனுஷங்கள வேற மாதிரி பாப்பா, நான் இத நெறைய பாத்திருக்கேன்.

கேள்வி: கோடு கோடுன்னு சொல்றீங்க. இயற்கையில கோடே கிடையாது, வெளிச்சமும் நெழலும்தான். நல்லா ஷேட் பண்ணினா ஃபோட்டோ மாதிரி வருதே, அத விட என்ன வேணும்?
– செம்பூர், ஓய்வுபெற்ற இன்ஜினியர்

நீங்க சொல்றதுக்குப் பெரிய ஆளே சாட்சி இருக்காரு சார். ஸெரா, பிரான்ஸ்காரர், 1859ல பொறந்து 1891லயே போயிட்டாரு, சொரசொரப்பான பேப்பர்ல கான்டே க்ரேயான்னு ஒரு கெட்டியான கறுப்புக் குச்சிய தேச்சுத் தேச்சு உருவம் எடுப்பாரு, கோடே தேட முடியாது, பனிக்குள்ள இருந்து ஆள் நடந்து வர்ற மாதிரி இருக்கும். அது உன்னதமான வேலை, அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா அவரு ஃபோட்டோ மாதிரி போடல. எத விடணும்னு அவருக்குத் தெரியும், அங்கயும் முடிவு இருக்கு.

எனக்கு வருத்தமா இருக்கறது இப்ப ஃபோன்ல பாத்து, கட்டம் போட்டு, மூக்குத் துவாரம் வரைக்கும் தேச்சு எடுக்குற படங்களப் பாத்துதான். நாள் கணக்கா ஒழைக்கிறாங்க, அந்த ஒழைப்ப மதிக்கிறேன், ஆனா தேய்க்கத் தேய்க்க கை போட்ட கோடு எல்லாம் மறஞ்சு போகுது, வரைஞ்சவங்க எங்க தயங்கினாங்க, எங்க திரும்பி வந்தாங்கன்னு ஒரு தடயமும் இல்ல. கரியோட பெரிய குணமே அது முழுசா அழியாதுங்கறதுதான். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் ஒரு போஸ வரைவாரு, துணியால துடைப்பாரு, அதே பேப்பர்ல மறுபடி வரைவாரு, பழைய கையோட ஆவி புதுக் கைக்குப் பின்னால சாம்பல் நெறத்துல நிக்கும். அத மறைக்கணும்னு அவரு நெனைக்கல. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் டெகா வயசாகி கண் பார்வ மங்கின காலத்துல, குளிச்சுட்டுத் தல தொவட்டுற பொண்ணுங்கள ட்ரேஸிங் பேப்பர்ல கரியில திருப்பித் திருப்பிப் போட்டாரு, ஒரு முதுகுக்கு நாலஞ்சு கோடு ஓடும், அதுல எது சரின்னு நமக்குச் சொல்ல மாட்டாரு, அதனாலயே அந்த முதுகு அசையுது. ஜோஹானஸ்பர்க்ல வில்லியம் கென்ட்ரிட்ஜ்னு ஒருத்தர், 1955ல பொறந்தவரு, ஒரே பேப்பர்ல கரியில வரைஞ்சு, கொஞ்சம் அழிச்சு, மாத்தி, ஒவ்வொரு தடவையும் கேமராவுல எடுத்துப் படமாவே ஓட்டுறாரு. அழிச்ச கறை திரையிலயும் தெரியும்.

இயற்கையில கோடு கிடையாதுங்கறது சரிதான் சார். கோடு பாக்குறவங்ககிட்ட இருந்து வருது. அதனாலதான் நான் அத விட மாட்டேங்குறேன்.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டுப் பேராவே சொல்றீங்களே, நம்ம ஆளுங்க யாரும் இல்லையா?
– மாடுங்கா வாசகர்

நெறைய பேரு. மெட்ராஸ் ஓவியப் பள்ளியே கோட்டாலதான் பேர் வாங்கிச்சு. சந்தானராஜ் கோட்டப் பாத்தவங்க மறக்க மாட்டாங்க. ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்ட ஒட்டி காந்தியக் கறுப்பு வெள்ளையில வரைஞ்ச வரிசை இருக்கே, அது கரி இல்ல, மை, ஆனா பின்னிப் பின்னிப் போற அந்தக் கோட்டுக்குள்ள ஒரு மெலிஞ்ச கெழவரோட பிடிவாதம் முழுசா இருக்கு. நம்ம வீட்டுல விகடன் வாங்கினவங்களுக்கு கோபுலுவச் சொல்லவே வேணாம், தில்லானா மோகனாம்பாள் தொடருக்கு அவரு போட்ட தவில்காரங்க, நாயனக்காரங்க, ஒவ்வொருத்தர் உக்கார்ற விதத்துலயே அவங்க குணம் தெரியும், பாதி எடத்துல கோடு விட்டிருக்கும்.

இங்க பம்பாய்லயே கே.கே.ஹெப்பார் இருந்தாரு, உடுப்பி பக்கத்துக்காரரு, 1911ல பொறந்தவரு, ஜே.ஜே. ஓவியப் பள்ளியில படிச்சவரு, நாட்டியக்காரங்கள நாலஞ்சு கோட்டுல நிறுத்திடுவாரு. அக்பர் பதம்சியும் இந்த ஊருதான், 2020ல மறஞ்சாரு, அவரோட கரி உருவங்கள் எங்கயாவது காட்சிக்கு வந்தா விடாதீங்க. சித்தப்ரசாத்னு வங்காள ஓவியர், 1943 வங்காளப் பஞ்சத்துல மிட்னாப்பூர் கிராமங்கள்ல நடந்தே போய் செத்துக்கிட்டிருந்த ஜனங்கள வரைஞ்சாரு, அந்தப் படங்களோட வந்த புத்தகத்த பிரிட்டிஷ் அரசாங்கம் பறிமுதல் பண்ணி அழிச்சுது. அப்புறம் பல வருஷம் அந்தேரில வாழ்ந்தாரு. ஒரு கோட்டுக்கு ஒரு அரசாங்கம் பயந்திருக்கு, அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

கேள்வி: மழைக்காலத்துல என் சார்கோல் படமெல்லாம் பூஞ்சை புடிக்குது, தூளும் உதிருது. என்ன பண்றது?
– மீரா ரோடு வாசகி

ஃபிக்ஸேடிவ்னு கரி உதிராம புடிச்சு வைக்கிற ஸ்ப்ரே இருக்கு, அத ஒரு அடி தள்ளி நின்னு லேசா ரெண்டு மூணு தடவ அடிங்க, ஜன்னலத் தெறந்து வெச்சுட்டு. ஒரே தடவ நனைய நனைய அடிச்சா கோட்டோட மென்மை போயிடும். ஹேர் ஸ்ப்ரே வேணாம், நாளாவட்டத்துல பேப்பர் மஞ்சளாகும். படத்துக்கு நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு படுக்கையா அடுக்குங்க, சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு போடுங்க, வெளிச்சுவர ஒட்டி வைக்காதீங்க. ஃப்ரேம் போட்டா கண்ணாடி, ஆக்ரிலிக் வேணாம், அதுல ஸ்டாட்டிக் ஏறி கரித்தூள இழுத்துக்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல மவுன்ட் போர்டு (கெட்டி அட்டை) வெச்சு இடைவெளி கண்டிப்பா விடச் சொல்லுங்க.

கேள்வி: தெனமும் கல்யாண்ல இருந்து சி.எஸ்.எம்.டி. போய் வர்றேன். ட்ரெயின்ல வரைஞ்சு பழகலாமா? யாராவது சண்டைக்கு வந்தா?
– கல்யாண் வாசகர்

பீக் அவர்ல கம்பியப் புடிச்சுகிட்டு நிக்கவே கை பத்தாது, அப்ப கண்ணால மட்டும் வரைங்க. தூங்குறவங்களப் பாருங்க. தலை தொங்குற பக்கம் கழுத்து மடங்கி இருக்கும், எதிர்ப்பக்கம் காதுல இருந்து தோள் வரைக்கும் ஒரு நரம்பு இழுத்துக்கிட்டு இருக்கும், பையப் புடிச்ச கை மட்டும் தூக்கத்துலயும் விட்டிருக்காது. அந்தக் கை விரல் மடிப்புக்கு எவ்வளவு அழுத்தம் குடுப்பீங்கன்னு மனசுல முடிவு பண்ணிக்கோங்க, ஆபீஸ் போனதும் ஒரு துண்டுப் பேப்பர்ல போட்டுப் பாருங்க.

கரித்துண்டு ட்ரெயினுக்கு ஆகாது, பக்கத்துல நிக்கிறவங்க வெள்ளச் சட்டை வீணாயிடும். சார்கோல் பென்சில் மூடி போட்டது ஒண்ணு, சின்ன ஸ்கெட்ச்புக் ஒண்ணு, கூட்டம் இல்லாத மத்தியான ஸ்லோ லோக்கல்லயோ, இல்ல பிளாட்ஃபார்ம் பெஞ்சிலயோ உக்காருங்க. மூட்ட தூக்குற அண்ணன்மார்களப் பாத்தீங்கன்னா தலையில பாரம் ஏறினதும் கழுத்து குட்டையாகும், முழங்கால் கொஞ்சம் மடங்கும், காலடி சின்னதாகும், எடை மேல இருந்து பாதம் வரைக்கும் ஒரே கோடா எறங்குறத கண்ணால பாக்கலாம். யாராவது பாத்துட்டா மறைக்காதீங்க, சிரிச்சுட்டு காட்டுங்க, வேணாம்னு சொன்னா அந்தப் பக்கத்த அவங்ககிட்டயே கிழிச்சுக் குடுத்துடுங்க. பொம்பளைங்க, கொழந்தைங்கன்னா கேக்காம ஆரம்பிக்காதீங்க. லீவு நாள்ல எலிஃபன்டா குகைக்குப் போய் அந்த மூணு முக சிவன் சிலைக்கு முன்னாடி ஒரு பகல் முழுக்க உக்காரலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க, ஆனா திங்கக்கெழம போயிடாதீங்க, அன்னிக்கு மூடியிருக்கும்.